தாய்ப்பால்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும் நேரடியான பதில்களும்

கர்ப்பமாக இருப்பவர்கள், இப்போதுதான் குழந்தை பெற்றவர்கள், கூட இருந்து பார்த்துக்கொள்பவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். தாய்ப்பால் நல்லது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பாதியில் நிறுத்துகிறவர்களில் பெரும்பாலானோர் விருப்பமில்லாமல் நிறுத்துவதில்லை. முதல் இரண்டு வாரத்தில் வலியிலும் சந்தேகத்திலும் தவிக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து சரியாகச் சொல்லித்தர ஆள் இல்லாமல் நிறுத்துகிறார்கள். அதனால் நன்மைகளோடு சேர்த்து அந்தத் தவிப்புக்கான பதில்களையும் விரிவாகவே எழுதுகிறேன்.

பவுடர் பாலிலும் எல்லாச் சத்தும் இருக்கிறது என்கிறார்களே, தாய்ப்பாலில் அப்படி என்ன கூடுதல்?

சத்துக் கணக்கு மட்டும் பார்த்தால் பவுடர் பால் ஏறக்குறைய பக்கத்தில் வந்துவிடும். தாய்ப்பாலில் சுமார் 87 சதவீதம் தண்ணீர், 7 சதவீதம் லாக்டோஸ் என்ற சர்க்கரை, 4 சதவீதம் கொழுப்பு, 1 சதவீதம் புரதம். இதைப் பார்த்து ஒரு டப்பாவில் செய்துவிடலாம். செய்ய முடியாதது மீதி இருக்கிறது. தாய்ப்பாலில் உயிருள்ள வெள்ளணுக்கள் இருக்கின்றன. குடலின் உள்சுவரில் படிந்து கிருமிகளை ஒட்டவிடாமல் தடுக்கும் ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் இருக்கிறது. கிருமிகளுக்கு இரும்புச்சத்து கிடைக்காமல் பிடித்துவைத்துக்கொள்ளும் லாக்டோஃபெரின் இருக்கிறது, கிருமியின் சுவரையே உடைக்கும் லைசோசைம் இருக்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஒலிகோசாக்கரைடுகள் என்ற ஒரு வகைச் சர்க்கரை. லாக்டோஸுக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாகத் தாய்ப்பாலில் அதிகம் இருப்பது இதுதான், நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள். ஆனால் குழந்தையால் இதை ஜீரணிக்கவே முடியாது! குடலில் வாழும் பிஃபிடோபாக்டீரியா போன்ற நல்ல நுண்ணுயிரிகளுக்குத்தான் இது சாப்பாடு. சில பவுடர் பால்களில் இப்போது இதில் ஒன்றிரண்டு வகைகளைச் சேர்க்கிறார்கள், முழுத் தொகுப்பையும் யாராலும் சேர்க்க முடியவில்லை.

அப்புறம், தாய்ப்பால் ஒரே மாதிரி இருப்பதில்லை. முதல் நாள் பாலும் முப்பதாம் நாள் பாலும் வேறு, ஒரே வேளையில் ஆரம்பத்தில் வரும் பாலைவிடக் கடைசியில் வரும் பாலில் கொழுப்பு அதிகம். அம்மாவுக்கு ஒரு கிருமி தொற்றினால் அந்தக் கிருமிக்கென்றே அவர் உடம்பு தயாரிக்கும் எதிர்ப்புப் புரதம் சில நாட்களில் பாலிலும் வந்துவிடும்.

சீம்பால் கொஞ்சம்தான் வருகிறது, அது போதுமா?

போதும். முதல் இரண்டு மூன்று நாட்கள் கெட்டியாக, மஞ்சளாக வரும் பால் அது. முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் அளவு கிடைத்தாலே சரியாக இருக்கும், பிறந்த குழந்தையின் வயிறும் அவ்வளவு சின்னது. அளவு குறைவு என்றாலும் எதிர்ப்புப் புரதங்களும் வைட்டமின் ஏ-யும் பிறகு வரும் பாலைவிட இதில் அதிகம். குழந்தையின் முதல் கருப்பு மலம் சீக்கிரம் வெளியேறவும் இது உதவுகிறது. மலம் தங்காமல் போனால் மஞ்சள் காமாலையை உண்டாக்கும் பிலிரூபினும் அதோடு போய்விடும். ஒரு சொட்டையும் பீச்சிக் கொட்ட வேண்டாம்.

பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கத் தொடங்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தையைத் துடைத்ததும் துணி எதுவும் இடையில் இல்லாமல் அம்மாவின் மார்மேல் போட்டுவிட்டால் பல குழந்தைகள் தாங்களாகவே தேடி வந்து பிடித்துக்கொள்ளும். எடை பார்ப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் அதற்குப் பிறகு நடக்கட்டும்.

குழந்தைக்கு நிச்சயமான நன்மை என்றால் எதைச் சொல்வீர்கள்?

தொற்றுநோய்களிலிருந்து பாதுகாப்பு. இதில் சந்தேகமே இல்லை. வயிற்றுப்போக்கு, நிமோனியா போன்ற மூச்சுக்குழாய்த் தொற்றுகள், காதில் சீழ் வைப்பது, இவை எல்லாமே தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்குக் குறைவாக வருகின்றன. வந்தாலும் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய அளவுக்குப் போவது குறைகிறது. லான்செட் மருத்துவ இதழ் 2016இல் உலகம் முழுவதிலுமான ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்டது. கிட்டத்தட்ட எல்லா அம்மாக்களும் பரிந்துரைத்தபடி பால் கொடுக்க முடிந்தால் ஆண்டுக்கு 8,20,000க்கும் அதிகமான குழந்தைச் சாவுகளைத் தடுக்கலாம் என்பது அதில் வந்த கணக்கு. அதில் பெரும்பகுதி ஆறு மாதத்துக்கும் குறைவான குழந்தைகள்.

தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தை இறந்துபோகும் திடீர் மரணமும் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளிடம் குறைவு. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, கீழே தனியாகச் சொல்கிறேன்.

“தாய்ப்பால் கொடுக்கும் குடும்பங்கள் மற்ற விஷயங்களிலும் கவனமாக இருப்பவர்கள், அதனால்தான் வித்தியாசம்” என்று சிலர் வாதிடுவார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு நல்ல பதில் பெலாரஸ் நாட்டிலிருந்து வந்தது. 1996-97இல் அங்கே 31 மருத்துவமனைகளையும் அவற்றைச் சேர்ந்த மருத்துவ நிலையங்களையும் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் மட்டும் பால் கொடுப்பதற்குக் கூடுதல் உதவியும் பயிற்சியும் தந்தார்கள். 17,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஒரு வருடம் கவனித்ததில், குடல் தொற்று வந்த குழந்தைகள் வழக்கமான பாதியில் 13.2 சதவீதம், உதவி கிடைத்த பாதியில் 9.1 சதவீதம். கரப்பான் என்கிற தோல் அழற்சியும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கவனியுங்கள், அங்கே மாற்றியது அம்மாக்களுக்குக் கிடைத்த உதவியை மட்டும்தான்.

தாய்ப்பால் குடித்தால் குழந்தை புத்திசாலியாக இருக்குமா? குண்டாகாதா? அலர்ஜி வராதா?

அறிவுத்திறன் சோதனைகளில் சராசரியாகச் சில புள்ளிகள் கூடுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் வீட்டுச் சூழல், பெற்றோர் படிப்பு எல்லாம் கலந்திருப்பதால் எவ்வளவு பாலால் வந்தது என்று பிரிப்பது கஷ்டம். உடல் பருமனிலும் இதே கதைதான். அலர்ஜி வரவே வராது என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். தொற்றுநோய்ப் பாதுகாப்பு ஒன்றே போதுமான காரணம், மிகைப்படுத்தத் தேவையில்லை.

அம்மாவுக்கு இதனால் ஏதாவது நன்மை உண்டா, இல்லை எல்லாமே குழந்தைக்குத்தானா?

நிறைய உண்டு, யாரும் சொல்வதில்லை. குழந்தை சப்பும்போது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கும். பாலை வெளியே தள்ளுவது அதுதான், கர்ப்பப்பையைச் சுருங்க வைப்பதும் அதுதான். முதல் சில நாட்கள் பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடிப்பது இதனால். அந்தச் சுருக்கம் பிரசவ ரத்தப்போக்கைக் குறைக்க உதவுகிறது.

மார்பகப் புற்றுநோய் விஷயத்தில் 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்து 2002இல் வெளியான பெரிய தொகுப்பு இருக்கிறது. ஒரு பெண் மொத்தமாகப் பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் அவருடைய ஆபத்து 4.3 சதவீதம் குறைந்தது. இரண்டு குழந்தைகளுக்கு ஒன்றரை ஒன்றரை வருடம் கொடுத்தவருக்கு இது மூன்று மடங்காகச் சேரும். சினைப்பைப் புற்றுநோய், இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் ஆகியவற்றின் ஆபத்தும் குறைகிறது. மாதவிடாய் தள்ளிப்போவதால் பிரசவத்தில் இழந்த இரும்புச்சத்தை உடம்பு மீட்டுக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது.

எடை குறையுமா என்றால், பால் உற்பத்திக்கு உடம்பு ஒரு நாளைக்கு 400 முதல் 500 கலோரி வரை செலவழிக்கிறது, ஆனால் பசியும் கூடும். சிலருக்குக் குறையும், சிலருக்குக் குறையாது. இந்தச் சமயத்தில் பட்டினி மட்டும் கிடக்காதீர்கள்.

பால் கொடுக்கும்வரை கர்ப்பம் தரிக்காது என்பது உண்மையா?

மூன்று நிபந்தனைகளோடு உண்மை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது, மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். மூன்றும் இருந்தால் 98 சதவீதம் பாதுகாப்பு. ஒன்று தவறினாலும் வேறு கருத்தடை முறை தேவை.

எனக்குப் பால் போதவில்லை போலிருக்கிறது. எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தப் பக்கத்தின் மிக முக்கியமான கேள்வி இதுதான். பால் போதவில்லை என்று நினைத்து நிறுத்துகிற அம்மாக்களில் நிறையப் பேருக்குப் போதுமான பால் இருந்திருக்கும். மார்புக்கு அளவுக்கோடு கிடையாது என்பதால் சந்தேகம் வருவது இயல்பு, அதனால் வெளியே வருவதைப் பாருங்கள்.

ஐந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் கழிக்க வேண்டும், அது வெளிறிய நிறத்தில் இருக்க வேண்டும். மலம் முதலில் கருப்பாக இருந்து, பச்சையாகி, ஐந்தாம் நாள் வாக்கில் மஞ்சளாக இளகியிருக்க வேண்டும். எடை முதல் சில நாட்கள் இறங்கும். பிறந்த எடையில் 7 சதவீதம் வரை இறங்குவது சாதாரணம், 10 சதவீதத்தைத் தொட்டால் டாக்டர் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். அதன் பிறகு முதல் மூன்று மாதங்களில் வாரத்துக்கு 150 முதல் 200 கிராம் வரை ஏறும். சிறுநீர், மலம், எடை மூன்றும் சரியாக இருந்தால் பால் போதுமானதாக இருக்கிறது, யார் என்ன சொன்னாலும்.

எதையெல்லாம் அடையாளமாக எடுக்கக் கூடாது என்பதும் அதே அளவு முக்கியம். ஆரம்பத்தில் கனத்துக் கிடந்த மார்பு சில வாரத்தில் மெத்தென்று ஆகிவிடும், பால் வற்றிவிட்டதோ என்று பயம் வரும். வற்றவில்லை, தேவைக்கேற்ற அளவில் சுரக்க உடம்பு பழகிவிட்டது. சாயங்காலத்தில் விடாமல் கேட்டுக்கேட்டுக் குடிப்பது, இரண்டு மூன்று வாரத்திலும் ஆறாவது வாரத்திலும் திடீரென்று அடிக்கடி குடிப்பது, இதெல்லாம் வளர்ச்சியின் பகுதி. பம்பில் கொஞ்சமே வருவது எதையும் நிரூபிக்காது, குழந்தை எடுக்கும் அளவுக்கு எந்தப் பம்பும் எடுக்காது. பால் குடித்த பிறகும் பாட்டிலைக் கொடுத்தால் குடிக்கிறதே என்பார்கள். வாயில் எதை வைத்தாலும் சப்புவது அந்த வயதின் இயல்பு.

நிஜமாகவே குறைவாகச் சுரக்கிறவர்களும் இருக்கிறார்கள். தைராய்டு கோளாறு, நஞ்சுக்கொடித் துண்டு உள்ளே தங்கியிருப்பது, பிரசவத்தில் அதிக ரத்தம் போயிருப்பது, மார்பில் முன்பு நடந்த அறுவை சிகிச்சை, சுரப்பித் திசுவே குறைவாக இருப்பது என்று காரணங்கள் உண்டு. இவர்களிடம் “மனசு வைத்தால் வரும்” என்று சொல்வது கொடுமை. மருத்துவரிடம் போய்க் காரணம் கண்டுபிடிக்க வேண்டும், எவ்வளவு வருகிறதோ அதைக் கொடுத்து மீதிக்கு வேறு வழி செய்துகொள்ளலாம். மார்பின் அளவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கொழுப்பு.

சரி, பால் சுரப்பைக் கூட்ட என்ன செய்வது?

எடுக்க எடுக்கத்தான் ஊறும். கிணறு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்பில் பால் தேங்கி நின்றால் அதிலுள்ள ஒரு புரதமே சுரப்பைக் குறைக்கும் சமிக்ஞையாக வேலை செய்கிறது, காலியானால் சுரப்பு வேகமாகிறது. பவுடர் பால் ஒரு பாட்டில் கொடுத்தால் குழந்தை நீண்ட நேரம் தூங்கும், அந்த வேளைக்கு மார்பு காலியாகாது, சுரப்பு குறையும், அடுத்த நாள் இரண்டு பாட்டில் தேவைப்படும். “போதவில்லை” என்ற சந்தேகம் இப்படித்தான் உண்மையாகிப்போகிறது.

அதனால் அடிக்கடி கொடுங்கள், இரண்டு பக்கமும் கொடுங்கள், குழந்தை சரியாகப் பிடித்திருக்கிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். ப்ரோலாக்டின் என்ற பால் சுரக்கும் ஹார்மோன் இரவில்தான் அதிகம், ஆகவே ஆரம்ப வாரங்களில் இரவு வேளையைத் தவிர்க்காதீர்கள். குழந்தை குடித்து முடித்த பிறகு சில நிமிடம் கையால் பீச்சி எடுப்பதும் உதவும். இதைச் சாப்பிட்டால் பால் ஊறும் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பிடித்தால் சாப்பிடுங்கள், ஆனால் மார்பைக் காலி செய்யாமல் எந்தச் சாப்பாடும் வேலை செய்யாது. தாகத்துக்குத் தண்ணீர் குடித்தால் போதும், வலிந்து குடம் குடமாகக் குடிக்க வேண்டியதில்லை.

பால் கொடுக்கும்போது உயிர் போகிற மாதிரி வலிக்கிறது. பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். முதல் சில நாட்களில் பிடிக்கும் அந்த நொடி கொஞ்சம் கூசலாம். அதைத் தாண்டி வலித்தால், காம்பு வெடித்தால், குழந்தை சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். இதைச் சரிசெய்வது சுலபம், ஆனால் சொல்லித்தர ஆள் வேண்டும். முடிந்தவரை எழுத்தில் சொல்கிறேன்.

முதலில் சாய்ந்து வசதியாக உட்காருங்கள். குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டி இருக்கட்டும், காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில், கழுத்து திரும்பாமல். மூக்கு உங்கள் காம்புக்கு நேராக வரட்டும். காம்பால் மேலுதட்டை லேசாக வருடுங்கள். குழந்தை வாயைத் திறக்கும், உடனே திணிக்காதீர்கள். கொட்டாவி விடுவதுபோலப் பெரிதாகத் திறக்கும்வரை காத்திருந்து, அந்த நொடியில் குழந்தையை மார்பிடம் கொண்டுவாருங்கள். மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோனால் முதுகு வலிதான் மிஞ்சும். தாடை முதலில் மார்பில் படவேண்டும். பிடித்த பிறகு பாருங்கள்: கீழுதடு வெளியே மடிந்திருக்கும், கன்னம் குழி விழாமல் உப்பியிருக்கும், காம்பைச் சுற்றியுள்ள கருமையான வட்டம் கீழ்ப்பக்கத்தைவிட மேல்பக்கம் அதிகம் தெரியும்.

முதலில் வேகமாகச் சின்னச் சின்னதாகச் சப்பும். ஒன்றிரண்டு நிமிடத்தில் பால் இறங்கியதும் வேகம் குறையும். தாடை ஆழமாகக் கீழே இறங்கி ஒரு கணம் நிற்கும், மெல்ல விழுங்கும் சத்தம் கேட்கும், மறுபடி இறங்கும். இதைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பால் போகிறதா இல்லையா என்ற சந்தேகமே வராது. முடித்து வெளியே எடுக்கும்போது காம்பின் வடிவத்தைக் கவனியுங்கள். உருண்டையாக இருந்தால் சரி. ஒரு பக்கம் சப்பையாக நசுங்கி, சாய்த்து வெட்டியதுபோல இருந்தால் காம்பை மட்டும் கடித்துக்கொண்டிருக்கிறது. அப்படிப் பிடித்திருந்தால் இழுக்காதீர்கள், சுண்டுவிரலை வாயோரம் நுழைத்துக் காற்றுப் பிடிப்பை விடுவித்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். பிடிப்பு சரியாக இருந்தும் வலி போகவில்லை என்றால் நாக்கின் அடிச்சவ்வு இறுக்கமாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை முறை, எவ்வளவு நேரம்?

ஆரம்ப வாரங்களில் 8 முதல் 12 முறை. கடிகாரத்தைவிடக் குழந்தையைப் பாருங்கள். தலையைத் திருப்பித் தேடுவது, கையை வாய்க்குக் கொண்டுபோவது, உதட்டைச் சப்புக்கொட்டுவது, இவைதான் பசியின் அடையாளம். அழுகை கடைசியில் வருவது, அதுவரை விட்டால் குழந்தை பதற்றத்தில் சரியாகப் பிடிக்காது. ஒரு பக்கம் தானாக விடும்வரை குடிக்கட்டும், பிறகு அடுத்ததைக் கொடுங்கள். நிமிடக் கணக்கு வேண்டாம்.

தாகம் எடுக்காதா? நடுவில் தண்ணீர் கொடுக்கலாமா?

ஆறு மாதம் முடியும்வரை வேண்டாம், எவ்வளவு வெயிலாக இருந்தாலும். பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். தண்ணீர் கொடுத்தால் வயிறு நிறைந்து பால் குறையும், கிருமிகள் உள்ளே போக வழியாகும். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியா தசைகளைச் செயலிழக்க வைக்கும் கடுமையான நோயைக் கொண்டுவரும். தாய்ப்பாலில் போதாத முக்கியமான ஒரு சத்து வைட்டமின் டி, அதற்குத் தினம் 400 யூனிட் சொட்டுமருந்து கொடுக்கப் பல நாடுகளில் டாக்டர்கள் சொல்கிறார்கள். உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

சிசேரியன் ஆகிவிட்டது, பால் கொடுக்க முடியுமா?

முடியும். பால் இறங்க ஒரு நாள் தாமதமாகலாம், அவ்வளவுதான். தையல்மேல் பாரம் விழாமல் பக்கவாட்டில் படுத்தோ, குழந்தையை உங்கள் அக்குள் பக்கமாக இடுக்கிக்கொண்டோ கொடுங்கள்.

குழந்தை குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் இருக்கிறது. நேரடியாகக் கொடுக்க முடியவில்லையே?

உங்கள் பால் மிக மிக அவசியமாக இருப்பது இந்தக் குழந்தைக்குத்தான். குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் குடல் அழுகல் நோய் உயிரையே எடுக்கக்கூடியது, தாய்ப்பால் அதன் ஆபத்தைப் பெரிய அளவில் குறைக்கிறது. குறைமாதத்தில் பிரசவித்த அம்மாவின் பாலில் ஆரம்பத்தில் புரதமும் எதிர்ப்புப் பொருட்களும் அதிகம். பிறந்து சில மணி நேரத்துக்குள்ளேயே பீச்சத் தொடங்கி, இரவு உட்பட ஒரு நாளைக்கு எட்டு முறையாவது எடுங்கள். முதலில் சில சொட்டுகள்தான் வரும், அதையும் சேர்த்துவைத்து நர்ஸிடம் கொடுங்கள். உங்கள் பால் கிடைக்காத நிலையில் தாய்ப்பால் வங்கியிலிருந்து பதப்படுத்திய பால் கிடைக்குமா என்று கேளுங்கள், உலகின் முதல் தாய்ப்பால் வங்கி 1909இல் வியன்னாவில் தொடங்கியது. டாக்டர் அனுமதித்ததும் குழந்தையை மார்போடு ஒட்டிவைத்துக்கொள்ளும் கங்காரு பராமரிப்பைச் செய்யுங்கள், அது சுரப்பையும் கூட்டும்.

எனக்குக் காய்ச்சல், மாத்திரை சாப்பிடுகிறேன். நிறுத்த வேண்டுமா?

சாதாரணக் காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு எதற்கும் நிறுத்த வேண்டாம். கிருமி ஏற்கெனவே குழந்தையை அடைந்திருக்கும், அதற்கான எதிர்ப்பும் உங்கள் பாலில்தான் வரப்போகிறது. கை கழுவுங்கள், முகக்கவசம் போடுங்கள். பாராசிட்டமால், இபுப்ரோஃபென், பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகள் எல்லாம் பால் கொடுக்கும்போது எடுக்கக்கூடியவை. வலிக்குக் கோடீன் கலந்த மாத்திரை மட்டும் வேண்டாம். எந்த மருந்து எழுதினாலும் “நான் பால் கொடுக்கிறேன்” என்று முதலில் சொல்லுங்கள். “எதற்கும் நிறுத்திவிடுங்கள்” என்று போகிற போக்கில் பதில் வந்தால், மாற்று மருந்து உண்டா என்று திரும்பக் கேளுங்கள், பெரும்பாலும் இருக்கும்.

யார் கொடுக்கவே கூடாது?

மிகச் சிலர்தான். குழந்தைக்கு கேலக்டோசீமியா என்ற அரிய பிறவிக் கோளாறு இருந்தால் கூடாது. அம்மா புற்றுநோய்க்கான கீமோதெரபியிலோ கதிரியக்க அயோடின் சிகிச்சையிலோ இருந்தால் கூடாது. எச்ஐவி இருப்பவர்கள் வைரஸ் எதிர்ப்பு மருந்தை ஒழுங்காக எடுத்தால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு மிகவும் குறைகிறது, முழுவதுமாகப் போவதில்லை. அந்த முடிவைச் சிகிச்சை தரும் மருத்துவரோடு சேர்ந்து எடுங்கள். ஹெபடைடிஸ் பி இருந்தால், பிறந்தவுடன் குழந்தைக்குத் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசியும் போட்டுவிட்டு தாராளமாகக் கொடுக்கலாம்.

மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு காய்ச்சல் அடிக்கிறது. என்ன செய்ய?

பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் சீழ் கட்டும் ஆபத்து கூடும். சூடு ஒத்தடம் கொடுத்து அழுத்தித் தேய்த்துக் கட்டியைக் கரைக்கச் சொல்வது பழைய முறை. தாய்ப்பால் மருத்துவ அகாடமி 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதை மாற்றிவிட்டது: அழுத்தித் தேய்த்தால் உள்ளே வீக்கம் அதிகமாகிறது. குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள், தோலை மிக லேசாக அக்குள் பக்கமாக நீவுங்கள், வலி மாத்திரை எடுங்கள், வழக்கமான அளவில் பால் கொடுங்கள், காலி செய்தே ஆகவேண்டும் என்று பம்ப் செய்துகொண்டே இருக்காதீர்கள். ஒரு நாளில் குறையாவிட்டால் டாக்டரிடம் போங்கள், ஆன்டிபயாடிக் தேவைப்படலாம்.

வேலைக்குத் திரும்ப வேண்டும். எப்படித் தொடர்வது?

இரண்டு வாரம் முன்பே பீச்சிப் பழகுங்கள். எடுத்த பால் 25 டிகிரிக்குள் இருக்கும் அறையில் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள், ஃப்ரீசரில் 6 மாதம் வரை நன்றாக இருக்கும். அறை அதைவிடச் சூடு என்றால் நேராக ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். கதவில் வைக்காமல் உள்ளே பின்பக்கம் வையுங்கள், தேதி எழுதி ஒட்டுங்கள். உறைந்த பால் இளகிய பிறகு ஃப்ரிட்ஜில் ஒரு நாள்தான், மறுபடி உறைய வைக்கக் கூடாது. மைக்ரோவேவில் சுட வைத்தால் ஓரிடத்தில் கொதித்து இன்னோரிடத்தில் ஆறியிருக்கும், குழந்தையின் வாய் வெந்துவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து எடுங்கள். வைத்த பால் மேலே ஏடு பிரிந்து நிற்பதைப் பார்த்துக் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம், லேசாகச் சுழற்றினால் கலந்துவிடும்.

ஆபீஸில் கேட்கத் தயங்காதீர்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு மகப்பேறு பாதுகாப்பு உடன்படிக்கை, பால் கொடுக்க இடைவேளை தரவேண்டும், அதைச் சம்பளத்தோடு கூடிய வேலை நேரமாகவே கணக்கிட வேண்டும் என்கிறது. உங்கள் நாட்டுச் சட்டத்தில் இது எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள். கழிவறையில் நின்று பீச்சச் சொல்வது எந்த அம்மாவுக்கும் நடக்கக் கூடாத அவமரியாதை.

ஆறு மாதத்துக்குப் பிறகு பாலில் சத்து இருக்காது, வெறும் தண்ணீர்தான் என்கிறார்களே?

தவறு. ஆறு மாதத்தில் குழந்தையின் தேவை, முக்கியமாக இரும்புச்சத்துத் தேவை, பாலைத் தாண்டிப் போய்விடுகிறது, அதனால்தான் இணை உணவு. பால் அப்படியேதான் இருக்கிறது. ஆறிலிருந்து பன்னிரண்டு மாதம் வரை குழந்தைக்கு வேண்டிய சக்தியில் பாதியையும், இரண்டாம் வயதில் மூன்றில் ஒரு பங்கையும் தாய்ப்பால் தரமுடியும். இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தொடரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பல் முளைத்தாலும் தொடரலாம்.

பால் கொடுத்தால் மார்பு தொங்கிவிடுமா?

அந்த மாற்றம் கர்ப்பத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது, பால் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். வயது, எத்தனை கர்ப்பம், புகைப்பழக்கம் இவைதான் காரணம்.

என்னால் முடியவில்லை, பவுடர் பால் கொடுக்கிறேன். குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. நல்ல உதவி கிடைத்திருந்தால் ஒருவேளை முடிந்திருக்கும், அது உங்கள் குறை ஆகாது. கொஞ்சம் தாய்ப்பாலும் மீதி பவுடர் பாலும் என்று இருந்தாலும் அந்தக் கொஞ்சத்துக்கும் பலன் உண்டு. பவுடர் பால் கிருமியற்றது கிடையாது, அதனால் தண்ணீரைக் கொதிக்க வைத்து, 70 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் கலக்கி, பிறகு குளிரவைத்துக் கொடுங்கள். டப்பாவில் போட்ட அளவு மாறவே கூடாது. மிச்சம் பிடிக்க நீர்த்துக் கலக்கினால் குழந்தைக்குச் சத்து போதாமல் போகும். நிறுத்தி சில வாரம்தான் ஆகிறது, மறுபடி தொடங்க ஆசை என்றால் அதுவும் பலருக்கு முடிந்திருக்கிறது, பாலூட்டும் ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள்.

கணவரும் வீட்டாரும் என்ன செய்யலாம்?

பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும். இரவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து தருவது, ஏப்பம் விடவைப்பது, துணி மாற்றுவது, அம்மா உட்காரும் இடத்தில் தண்ணீரும் சாப்பாடும் கொண்டுவந்து வைப்பது. குழந்தை அழும்போதெல்லாம் “பால் பத்தலையோ” என்று கேட்பதை நிறுத்துங்கள், அந்த ஒரு கேள்வி எத்தனையோ பேரின் நம்பிக்கையைக் குலைத்திருக்கிறது.

எப்போது தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்?

குழந்தை எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடந்தால், தொடர்ந்து பால் குடிக்க மறுத்தால், சிறுநீர் மிகவும் குறைந்தால், மஞ்சள் நிறம் கை கால் வரை பரவினால், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் அடித்தால் உடனே. அம்மாவுக்கு மார்பில் சிவப்பும் காய்ச்சலும் ஒரு நாளைத் தாண்டினால், ரத்தப்போக்கு திடீரென்று அதிகமானால் உடனே. இரண்டு வாரத்துக்கு மேல் காரணமில்லாமல் அழுகை வந்துகொண்டிருந்தால், குழந்தையிடம் ஒட்டாமல் மனம் விலகி நின்றால், தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்று எண்ணம் வந்தால் அதையும் மறைக்காமல் அன்றைக்கே சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு, பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன.